என் கைக்கு அளந்த துப்பாக்கி

துபாயிலிருந்து ஊர் திரும்பிய எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் இன்றுவரை கேட்கிறார்கள். எத்தனை பவுன் கொண்டு வந்தாய்? ஒரு பவுனும் இல்லை, ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி கொண்டு வந்தேன் என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கழுத்துச் சங்கிலியை ஆட்டிக் காட்டினால் காட்டுப்பன்றி பயந்து ஓடிவிடுமா என்று நானும் திருப்பிக் கேட்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும்.

எண்பதுகளில் எட்டு வருஷம் நான் துபாயில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தேன். ஊரில் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டார்கள். நர்ஸ் இல்லை, நர்ஸுக்கு உதவியாள். புண் துடைப்பது, கட்டு மாற்றுவது, ஊசி போடும்போது திமிறுகிற ஆளைப் பிடித்துக்கொள்வது. கராமாவில் ஓர் அறையில் நாங்கள் நான்கு பெண்கள். ஊரில் என் கணவர் தனியாக இருந்தார். பெண்டாட்டியைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று ஊர் பேசியது. அந்த மனுஷன் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. திருநெல்வேலிச் சீமையில், மலையடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். அதன் நடுவிலேயே எங்கள் வீடு. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. எலி வளையானாலும் தனி வளை என்று நான்தான் பிடிவாதமாக அங்கே கட்டச் சொன்னேன்.

அந்தத் தனி வளைக்குத்தான் வினை வந்தது. ஒரு முறை நான்கு பேர் வந்து பம்ப்செட் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். என் கணவர் சத்தம் போட்டபோது அரிவாளைக் காட்டி, உள்ளே போய்ப் படுத்துக்கோ என்றார்களாம். அதைவிடப் பெரிய கஷ்டம் பன்றி. கடலை பிஞ்சு பிடிக்கிற சமயம் பார்த்து மலையிலிருந்து இறங்கும். உழுது போட்ட மாதிரி நிலத்தைப் புரட்டிவிட்டுப் போகும். இரண்டு வருஷம் தொடர்ந்து ஒரு மூட்டை கடலை வீட்டுக்கு வரவில்லை.

மாமனாரிடம் ஒரு பழைய துப்பாக்கி இருந்தது. அவர் போனபிறகு அது கணவரின் அண்ணனுக்குப் போயிற்று. அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கம் பயிரில் விழுந்த பன்றியைச் சுட்டால் கறியை அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கெல்லாம் பங்கு வைப்பார்கள். சுட்ட துப்பாக்கிக்கு என்று தனியாக ஒரு பங்கு உண்டு. துப்பாக்கிப் பங்கு என்பார்கள். கறி பெரிதில்லை. அதை யார் கை நீட்டி வாங்குகிறாரோ அவர்தான் அந்த வட்டாரத்தில் ஆள். பெரியத்தான் பல வருஷம் அதை வாங்கினார். ஆனால் எங்கள் வயலில் பன்றி இறங்கினால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. தோட்டா இல்லை, உடம்பு சரியில்லை, நேற்றுத்தான் சுட்டேன். பிறகு ஷார்ஜாவில் ஒரு கட்டடக் கம்பெனிக்கு ஃபோர்மேனாக வந்துவிட்டார். துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார், தம்பியிடம் கொடுக்க ஏற்பாடு செய்யவில்லை.

எங்கள் நிலத்துக்கு ஒட்டினாற்போல் அவருடைய நிலம். அவருக்கு எங்கள் மூன்று ஏக்கரின் மேல் எப்போதும் ஒரு கண். இரண்டாம் வருஷமும் கடலை போனபோது என் கணவர் மனம் விட்டுப்போய், அடுத்த போகமும் இப்படியே போனால் நிலத்தை உனக்கே எழுதித் தந்துவிடுகிறேன் என்று அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு எழுதிய கடிதத்தில் அதைக் கடைசி வரியில் போட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைக் கிழித்து, பிறகு ஒட்டவைத்து மறுபடி படித்தேன். எட்டு வருஷம் மற்றவர்களின் சீழ் துடைத்துக் கட்டிய வீடு அந்த நிலத்தில் நிற்கிறது. ஒரு போகம்தான் மிச்சம்.

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்புகிறவர்கள், லைசென்ஸ் வைத்திருந்தால், கூடவே ஒரு துப்பாக்கி கொண்டுவரலாம் என்று அப்போது ஒரு விதி இருந்தது. கொண்டு வருகிறவர் பெயரில்தான் லைசென்ஸ் இருக்க வேண்டும். அதனால் அடுத்து வந்த லீவிலேயே என் பெயரில் விண்ணப்பம் போட்டேன். அதற்கு அலைந்த அலைச்சலைத் தனியாக எழுதலாம். ஆபீஸில் இருந்த குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஏம்மா, ஃபாரின்ல இருந்து எல்லாரும் சேலை கொண்டாருவாங்க, சென்ட்டு கொண்டாருவாங்க. ஒனக்கு என்னம்மா துப்பாக்கி? காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. தற்காப்பா, பயிர்ப் பாதுகாப்பா, வேட்டையா?”

“மூணுந்தான் சார்.”

“ஒண்ணுதான் எழுதணும்.”

“அப்பம் பயிர்னு எழுதுங்க. மத்த ரெண்டும் அதுலயே அடக்கம்.”

கடைசியில் லைசென்ஸ் வந்தது. உரிமை என் பெயரில். என் சார்பில் துப்பாக்கியை வைத்திருந்து உபயோகிக்கக் கூடியவர் என்ற இடத்தில் என் கணவர் பெயர். அது காகிதத்துக்காகத்தான் என் பெயரில் இருக்கிறது, சுடப்போவது அவர் என்று நானும்தான் நினைத்தேன். பொய் சொல்வானேன்.

இந்த இடத்தில் வளைகுடாக்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் கடைக்குப் போனால் எங்கள் உடம்பைக் கொண்டு போவதில்லை. ஊரில் இருப்பவர்களின் உடம்பைத்தான் கொண்டு போவோம். என் கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் காகிதத்தில் பேனாவால் சுற்றி வரைந்த பாதங்கள், வளையலுக்கு அளந்த நூல், முடிச்சுப் போட்ட சணல், கிழிந்த சட்டைக் காலர் ஒன்று. நாத்தனார் மகளின் கால் வருஷா வருஷம் வளர்வதை நான் அந்தக் காகிதங்களில்தான் பார்த்தேன். எட்டு வருஷத்தில் அந்தக் கடைத்தெருக்களில் என் அளவுக்கு நான் வாங்கியது டியூட்டிக்குப் போடுகிற வெள்ளைச் செருப்பு மட்டும்தான்.

அதே பழக்கப்படி துப்பாக்கிக்கும் ஊரிலிருந்து அளவு வந்தது. லீவு முடிந்து திரும்பிய ஒருவர் கையில் என் கணவர் ஒரு கேசட்டும் ஒரு கயிறும் கொடுத்துவிட்டிருந்தார். அப்போது கேசட்தான் எங்களுக்குப் பேசும் கடிதம். வந்தால் அறையில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். டூ-இன்-ஒன்னில் போட்டதும் என் கணவரின் குரல் மேடையில் பேசுகிற மாதிரி ஆரம்பித்தது.

“ரூம்ல உள்ள எல்லாருக்கும் வணக்கம். இங்க மழை ரெண்டு நாளா பெய்யுது. கடலை விதைச்சாச்சு. துப்பாக்கிக்கு அளவுக் கயிறு குடுத்துவிட்டிருக்கேன். முழங்கை மடிப்புல இருந்து விசைய இழுக்கிற வெரல் வரைக்கும். கட்டை அந்த நீளம் இருந்தாத் தோள்ல ஒழுங்கா ஒக்காரும். வேற விசேஷம் ஒண்ணுமில்ல.”

அவ்வளவுதான். மறுபக்கம் முழுக்க ரேடியோவிலிருந்து பிடித்த பாட்டு. மற்றப் பெண்களின் கணவர்மார் உள்பேச்சு ஏதாவது இருந்தால் பாட்டெல்லாம் முடிந்தபிறகு கடைசியில் பேசி வைப்பார்கள். என்னவர் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. வெட்கக்காரர். அதனால் நானும் கடைசிவரை ஓட்டிப் பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பெரியத்தான் ஷார்ஜாவிலிருந்து வந்து சேர்ந்தார். அவரும் அந்த வருஷமே விசாவைக் கேன்சல் பண்ணிக்கொண்டு ஊருக்குப் போகிறார். துப்பாக்கி பார்க்கத் தெரிந்த ஆள் கூட இருப்பது நல்லது என்று நானே வரச் சொல்லியிருந்தேன். அப்ரா படகில் க்ரீக்கைத் தாண்டி தேராவில் இறங்கி நடந்தோம். கடை பெரிய கடை. வாசலில் கையுறை போட்ட மணிக்கட்டில் வல்லூறை வைத்துக்கொண்டு ஓர் அரபிப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலாளி. பறவையின் கண்ணுக்குத் தோல் குல்லா. உள்ளே விற்பனைக்கு நின்றவர் மலையாளி, எங்களுக்குச் சேட்டன். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

வாங்கப் போகிறவள் நான். லைசென்ஸ் நகல் என் கைப்பையில். ஆனால் சேட்டன் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியத்தான் ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் வைத்து, கண்ணாடியில் தன்னையே பார்த்து, மீசையையும் ஒரு தரம் ஒதுக்கிக்கொண்டார். மாப்பிள்ளைச் சட்டை போட்டுப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

“இதைக் கட்டச் சொல்லு” என்று ஒன்றைக் காட்டினார். நீளக் குழல், உலக்கை கனம்.

“பெரியத்தான், கொஞ்சம் பொறுங்க” என்று நான் முன்னால் போனேன். எனக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருந்தேன். “சேட்டா, ரைஃபிள் வேண்டாம். குண்டு ரொம்ப தூரம் போகும். எங்க நிலத்துக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற ஆளுங்க இருக்காங்க. ஒத்தைக்குழலும் வேண்டாம். பன்னி முதல் வெடிக்குத் திரும்பி நம்ம மேல வந்தா ரெண்டாவது வேணும். முயல், கௌதாரிக்குச் சின்ன ரவை, பன்னிக்குப் பெரிய குண்டு, ரெண்டும் ஒரே துப்பாக்கியில போடணும். வீட்டுக்குள்ள இருக்கப்போற சாமான். மடக்கிப் பார்த்தா தோட்டா இருக்கா இல்லையான்னு உடனே தெரியணும். கனம் கம்மியா இருக்கணும்.”

சேட்டன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். “சேச்சி இதெல்லாம் எவிடெ படிச்சு?”

“குண்டடி பட்டு வந்தவங்களுக்குக் கட்டுப் போட்டிருக்கேன். எது என்ன பண்ணும்னு தெரியும்.”

அவர் உள்ளே போய் வேறொன்று கொண்டு வந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல், பன்னிரண்டு போர் அளவு, குழல் சற்றே குட்டை, கட்டையில் தேன் நிறத்தில் ரேகை ஓடியது. நான் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கட்டையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். விசையிலிருந்து கட்டையின் அடிவரை முடிச்சுக்கு முடிச்சு சரியாக நின்றது. எனக்கு அத்தனை சந்தோஷம். என் கணவர் தோளில் இது உட்காருவது கண்ணுக்குள் தெரிந்தது.

பெரியத்தான் சிரித்தார். “எம்மா, கயிறு வச்சு அளந்து என்ன பிரயோஜனம்? அவனுக்குத்தான் வலது கை தோளுக்கு மேல ஏறாதே.”

“என்ன பெரியத்தான் சொல்லுதிய?”

“ஒனக்குத் தெரியாதா? பன்னி தூக்கி எறிஞ்சு நாலு மாசம் ஆச்சே. எனக்கு எழுதியிருந்தான். துப்பாக்கியை நாந்தான் பாத்துக்கணும்னு கேட்டிருக்கான். அதுக்குத்தான் என் கைக்குப் பாக்கேன். லைசென்ஸ்ல அவன் பேர எடுத்துட்டு என் பேரைப் போட்டுருவோம். ஒங்க வயலையும் நானே காவல் பாத்துக்கிடுதேன். தம்பி கஷ்டம் எனக்கு இல்லையா?”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்கு அங்கேயே ஞாபகம் வந்தது. மனுஷனைப் பன்றி தூக்கி எறிந்திருக்கிறது. மழை பெய்ததைச் சொல்லத் தெரிந்தவருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லையா? பிறகு வருகிறோம் என்று சேட்டனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அறைக்குப் போனதும் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டில் கதவைச் சாத்தினேன். மறுபக்கத்தைப் போட்டு, பாட்டை எல்லாம் ஓட்டி ஓட்டி விட்டேன். கடைசியில் இருந்தது. எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் அப்படிப் பேசியிருக்கிறார், நான் கேட்காமல் டப்பாவில் போட்டு மூடியிருக்கிறேன்.

“ஏளா, நீ மட்டும் கேளு. பன்னி அடிச்சதுல தோள்பட்டை ஒடைஞ்சு போச்சு. வைத்தியர் கட்டுப் போட்டார். சேர்ந்துட்டு, ஆனா தூக்க முடியல. சட்டை போட எடது கையாலதான் இழுக்கேன். அந்தக் கயிறு என் கை அளவுதான், பொய்யில்ல. ஆனா அந்தக் கை இப்பம் இல்ல. சொல்லதுக்குத் தைரியமில்லாம அளந்து அனுப்பிட்டேன். அண்ணன்ட்டயே துப்பாக்கி இருக்கட்டும். அவன் பாத்தாப் பாக்கட்டும், பாக்கலன்னா நிலம் போகட்டும். நீ வா. நீ வந்தாப் போதும்.”

அழுதேன். அடுப்பு மேடையில் தலையைச் சாய்த்து நன்றாகவே அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அவர் மேல் கால்வாசி, பெரியத்தான் மேல் கால்வாசி, மீதி என் மேல். லைசென்ஸில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எனக்கு இரண்டு கையும் தோளுக்கு மேல் ஏறுகிறது. இருந்தும் துப்பாக்கிக்கு யார் கையை அளக்கலாம் என்று ஊர் முழுக்கத் தேடியிருக்கிறோம். என் கை ஒருத்தர் நினைப்பிலும் வரவில்லை. என் நினைப்பிலும்தான்.

என்னோடு அறையில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். அடுத்த வாரம் நான் சுட்டுப் பார்க்கப் போகிறேன், துணைக்கு வா என்று அவளைக் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, எனக்குத் துவக்கைக் காட்டாதேங்கோ. எங்கட பக்கத்தில துவக்கு வந்த வீடு ஒண்டும் நல்லா இருந்ததில்லை.”

“ஆளைச் சுடத் தூக்கலை. நிலம் போயிரக் கூடாதுன்னு தூக்குதேன்.”

“எல்லாரும் அப்பிடிச் சொல்லித்தான் தூக்கினவை.”

ஆனாலும் வந்தாள். “உங்களைத் தனிய விட ஏலாது” என்று சொல்லிக்கொண்டே வந்து ஏறினாள்.

துபாய்க்கு வெளியே கடை முதலாளிக்கு வேலி போட்ட இடம் இருந்தது. வாங்குகிறவர்கள் அங்கேதான் சுட்டுப் பார்ப்பார்கள். மணல் மேட்டுக்கு முன்னால் ஒரு எண்ணெய் டின் வைத்திருந்தார்கள். முதலாளி காரில் சாய்ந்து நின்றார், பறவை அவர் கையில். என் தோழி காருக்குள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். கணவரின் கயிற்றுக்குப் பொருந்திய அதே துப்பாக்கியை நான் தோளில் வைத்தேன். கட்டை எனக்கு நீளம். முழங்கையை எவ்வளவு நீட்டினாலும் விரல் நுனி மட்டும்தான் விசைக்கு எட்டியது. கட்டை தோளில் உட்காராமல் புஜத்துக்கு நழுவியது. இழுத்தேன்.

கழுதை உதைத்த மாதிரி ஒரு உதை. பொத்தென்று மணலில் உட்கார்ந்துவிட்டேன். டின் அசையவே இல்லை. பறவை ஒரு தரம் சிறகடித்துவிட்டு அடங்கியது. சிரிப்பார்கள் என்று நினைத்தேன், யாரும் சிரிக்கவில்லை. சேட்டன் வந்து துப்பாக்கியை வாங்கி மடக்கினார்.

“சேச்சி, குற்றம் சேச்சியோடது அல்ல. இது வேற ஆளோட கை. சேச்சிக்குக் கட்டை குறைக்கணும், ஒன்றரை இஞ்ச் போகும். ஆனா ஒண்ணு ஓர்மை வெச்சோ. வெட்டினா பின்னெ ஒட்டிக்கான் பற்றில்ல, முடியாது. கடையில திரும்ப எடுக்கவும் மாட்டோம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அறைக்கு வந்து பார்த்தால் புஜம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. தோழி ஐஸ் வைத்து ஒற்றிக்கொண்டே, “வேண்டாம் எண்டு சொன்னன்தானே” என்று திட்டினாள். நான் வலது முழங்கை மடிப்பில் ஒரு சணலை வைத்து, விரல்வரை நீட்டி, “இந்த எடத்துல ஒரு முடிச்சுப் போடு” என்றேன். இறுக்கிப் போட்டாள்.

அதற்கடுத்த வியாழன் கடைக்குப் போனபோது பெரியத்தான் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். கையில் என் கணவர் எழுதிய கடிதம். லைசென்ஸில் தன் பெயரை எடுத்துவிட்டு அண்ணன் பெயரைச் சேர்க்கச் சம்மதம் என்று கோணலாக, இடது கையால் எழுதியிருந்தார். கூடவே நான் கையெழுத்துப் போட வேண்டிய விண்ணப்பம். பெரியத்தான் பேனா மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். கண்ணாடி மேசையின் மேல் அந்த நீளக்குழல் உலக்கை தயாராகக் கிடந்தது.

“இதுல போடும்மா. கூடுதலா ஆகிறத நான் குடுத்துக்கிடுதேன். பொம்பளப் புள்ள துப்பாக்கி வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற? குடும்பத்துக்கு மூத்தவன் கையில இருந்தாத்தான் மதிப்பு.”

“எங்க வயல்ல பன்னி விழுந்தாச் சுடுவியளா பெரியத்தான்?”

“அதென்ன கேள்வி?”

“மாமா துப்பாக்கி ஒங்க கையில இருந்தப்பம் எத்தன வாட்டி சுட்டிய? ஒரு வாட்டி சொல்லுங்க, இப்பமே கையெழுத்துப் போடுதேன்.”

அவர் முகம் கறுத்துவிட்டது. “பொம்பள புத்தி பின் புத்தின்னு சும்மாவா சொன்னாங்க? ஒம் புருசன் எழுதியிருக்கான், பாத்தியா இல்லையா?”

“பாத்தேன். அவிய கை ஒடைஞ்சதுல எழுதியிருக்காவ. எனக்கு ஒண்ணும் ஒடையல.”

பேனாவை வாங்கி மூடியைப் போட்டு அவர் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுஷர் முன்னால் நான் நாற்காலியில் உட்கார்ந்ததுகூட இல்லை. பிறகு சேட்டனிடம் என் சணலைக் கொடுத்தேன்.

“சேட்டா, அந்தக் குட்டைக்குழலை எடுங்க. இந்த முடிச்சுக்கு வெட்டுங்க.”

“சேச்சி, இன்னொரு தடவை ஆலோசிச்சிட்டு...”

“ஆலோசிச்சாச்சு.”

கடைக்குப் பின்னால் மரவேலை செய்கிற பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவர் இருந்தார். அவரை வரவழைத்தார்கள். கட்டையின் அடியிலிருந்த தகட்டைக் கழற்றிவிட்டு, கட்டையை இடுக்கியில் வைத்து இறுக்கி, என் சணலை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அந்தத் தேன் நிற மரத்தைப் பார்த்து அவரே ஒரு நிமிஷம் தயங்கினார். முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அரபிப் பெரியவர் என்னைப் பார்த்தார், பெரியத்தானைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். “யல்லா” என்றார், ஆரம்பி என்று.

ரம்பம் இறங்கியது. பெரியத்தான் எழுந்துவிட்டார். “ஏ, நிறுத்துங்கப்பா! பாஜி, நஹி! எம்மா, ஒனக்குக் கிறுக்கா? நல்ல சாமான வெட்டி நாசமாக்குதியே! இது இனி எவன் தோளுக்கு நிக்கும்?”

“அதுக்குத்தான் பெரியத்தான் வெட்டச் சொன்னேன்.”

துண்டு கீழே விழுந்தது. ஒன்றரை இஞ்ச் கனம்தான் இருக்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். நான் குனிந்து துண்டை எடுத்து, மரத்தூளை ஊதிவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பட்டாணியர் அந்தத் தகட்டை மறுபடி பொருத்தி, தேய்த்து, எண்ணெய் பூசிக் கொடுத்தார். தோளில் வைத்துப் பார்த்தேன். விரல் தானாகப் போய் விசையில் நின்றது. என் உடம்புக்கு அளந்து செய்த ஒரு பொருள் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சுட்டும் பழகினேன். அதே மணல் மேட்டில் நான்கு வாரம். மூன்றாவது வாரம் டின் பறந்தபோது காருக்குள்ளிருந்து என் தோழி தன்னையறியாமல் கை தட்டிவிட்டாள். உடனே கையை மடியில் மறைத்துக்கொண்டாள். ஊருக்குக் கிளம்பும்போது என்னைக் கட்டிப்பிடித்து, “உந்தத் துவக்கைப் பூட்டி வையுங்கோ அக்கா” என்று மட்டும் சொன்னாள். இன்றுவரை தோட்டா ஒரு பெட்டியில், துப்பாக்கி வேறொரு பெட்டியில். இரண்டு சாவியும் என் இடுப்பில்.

திருவனந்தபுரத்தில் கஸ்டம்ஸ்காரர்கள் காகிதத்தைப் புரட்டிப் புரட்டி அரை நாள் உட்கார வைத்தார்கள். வெளியே வந்தபோது என் கணவர் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். பெட்டியை வாங்க இடது கையை நீட்டினார். நான் பெட்டியைக் கொடுக்கவில்லை. அந்த மரத்துண்டைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை என்று தெரிந்துவிட்டது. எதற்காக வெட்டினேன் என்றும் தெரிந்துவிட்டது.

“வலிச்சுதா?” என்று கேட்டார்.

“ஒங்களுக்கு?” என்றேன்.

“வலிச்சுது ளா” என்றார். ரோடு என்று பார்க்காமல் அழுதார்.

கடலை பிஞ்சு பிடித்தது. பன்றி இறங்கியது. அவர் இடது கையால் டார்ச்சைப் பிடிக்க, வரப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருந்தோம். முதல் இரண்டு தடவை வெடிச் சத்தத்துக்கே ஓடிவிட்டன. மூன்றாம் தடவை பெரிய கொம்பன் பன்றி ஒன்று ஓடாமல் எங்கள் பக்கமே திரும்பியது. முதல் வெடி தவறியது. இரண்டாவது குழல் தவறவில்லை.

விடிந்ததும் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் எல்லாரும் கூடினார்கள், பெரியத்தானும் வந்தார். தேக்கு இலையில் பங்கு வைத்துக்கொண்டே வந்த நிலக்காரர் ஒருவர், துப்பாக்கிப் பங்கைத் தூக்கிப் பழக்கத்தில் பெரியத்தான் பக்கம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் உறைத்தது அவருக்கு. அப்படியே நின்றார். வாழ்நாளில் அண்ணன் முன்னால் குரல் உயர்த்தாத என் கணவர் இடது கையை நீட்டி என்னைக் காட்டினார்.

“அவட்ட குடும்.”

வாங்கினேன். இரண்டு கையாலும் வாங்கினேன். அந்த வருஷம் கடலை வீடு வந்து சேர்ந்தது, நிலம் எங்கள் பெயரிலேயே இருக்கிறது. கறியை நல்ல காரமாகக் குழம்பு வைத்து, முதல் கிண்ணத்தைப் பெரியத்தான் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் குழம்பு தீர்ந்து, கிண்ணம் கழுவித்தான் திரும்பி வந்தது.